வாய் சொல்வதும் கை செய்வதும்
பாதுகாப்பைப் பற்றிய நமது மனப்பான்மையை அளப்பது எப்படி?



வேலைத்தளத்தில் பாதுகாப்பு முக்கியமா என்று கேட்டால் "இல்லை" என்று சொல்பவர் நம்மில் ஒருவரும் இல்லை. "பாதுகாப்புத்தானேங்க முதல்ல" என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஆனால் மருந்தடிக்கப் போகும் தம்பியின் முகமூடி கழுத்திலே தொங்கும். கப்பலின் உள்அறையில் மூட்டை ஏற்றி இறக்கும் அண்ணனின் ஹெல்மட் ஓரமாகக் கிடக்கும். வாய் சொல்வது ஒன்று, கை செய்வது இன்னொன்று.

இதைக் கண்டவுடன் "தொழிலாளிக்குப் புத்தி இல்லை" என்று சிலர் சொல்லிவிடுவார்கள். அது சரியா? வாய்க்கும் கைக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை அளந்து பார்க்க முடியுமா? அளந்தால் அதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்ன? இந்த இதழின் பாடம் இதுதான்.

பாடத்துக்குத் திருகோணமலைத் துறைமுகச் சுற்றுப்புறத்தை உதாரணமாக எடுத்திருக்கிறோம். காரணம் உண்டு. 1977, 1983 கலவரங்களுக்குப் பின்னர் மலையகத்தை விட்டு வன்னிக்கும் திருகோணமலைக்கும் போய்க் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். அவர்கள் நமது சொந்தக்காரர்கள். இன்றும் தோட்டத்துப் பிள்ளைகள் வேலை தேடி வெளி மாவட்டங்களுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். மலையில் கொழுந்து எடுப்பவருக்கும் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவருக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசம் அதிகம் இல்லை.

ஆபத்து தெரியாதவர் யாரும் இல்லை

திருகோணமலை ஆழமான இயற்கைத் துறைமுகம். அதன் கரையில் சீனக்குடாப் பக்கம் வெள்ளைக்காரன் காலத்து எண்ணெய்க் குதங்கள் இருக்கின்றன. மாவு ஆலையும் சீமெந்து ஆலையும் இருக்கின்றன. இப்படியான இடங்களில் என்னென்ன ஆபத்து வரும் என்று பார்ப்போம்.

சீமெந்துத் தூள் மூச்சோடு உள்ளே போனால் நெஞ்சைக் கெடுக்கும். வியர்வையில் நனைந்த தோலில் பட்டால் புண்ணாக்கும். கோதுமை மாவுத் தூசி நாளடைவில் சிலருக்கு இழுப்பு நோயைக் கொண்டுவரும். அதே தூசி மூடிய இடத்தில் காற்றில் அடர்ந்து பரவியிருக்கும்போது ஒரு தீப்பொறி பட்டால் வெடிக்கும். கப்பலைக் கட்டியிருக்கும் கயிறு இழுபட்டு அறுந்தால் சாட்டை போலத் திரும்பி வந்து ஆளை அடித்துப் போடும்.

எல்லாவற்றிலும் பொல்லாதது கப்பலின் மூடிய அறை. நாம் மூச்சு விடும் காற்றில் 21 வீதமளவு ஒட்சிசன் இருக்கிறது. மரக்கட்டை, நிலக்கரி, தானியம், துருப்பிடிக்கும் இரும்பு போன்றவை மூடிக் கிடக்கும் அறையில் அது குறைந்துபோயிருக்கலாம். கண்ணுக்கும் தெரியாது, மணமும் வராது. இறங்கியவர் விழுவார். அவரைத் தூக்கப் பாய்ந்து இறங்கும் கூட்டாளியும் விழுவார். உலகத்தின் பல துறைமுகங்களில் இப்படி ஒருவருக்குப் பின் ஒருவராக உயிர் போயிருக்கிறது.

இவற்றில் பெரும்பாலானவற்றை அங்கு வேலை செய்பவர்கள் நன்றாக அறிவார்கள். தோட்டத்தில் குளவிக் கூடு எந்த மரத்தில் இருக்கிறது என்று கொழுந்தெடுக்கும் அக்காமாருக்குத் தெரியாதா? மருந்து உடம்புக்கு ஆகாது என்று மருந்தடிப்பவருக்குத் தெரியாதா? தெரியும். எனவே அறிவுக் குறைவு மட்டும் இதற்குக் காரணம் இல்லை. வேறு ஏதோ ஒன்று நடுவில் நிற்கிறது.

இரண்டு மனப்பான்மைகள்

ஒரு விஷயத்தைப் பற்றி நாம் கொண்டிருக்கும் எண்ணம், விருப்பு, வெறுப்பு எல்லாம் சேர்ந்ததை மனப்பான்மை என்கிறோம். கேட்டால் நாம் வெளியே சொல்வது சொல்லும் மனப்பான்மை. சொல்லாமல் உள்ளே கிடப்பது மறைந்த மனப்பான்மை.

மறைந்ததிலும் இரண்டு வகை உண்டு. இதை வாசகர்கள் நன்றாக மனத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

முதல் வகை, நமக்கே தெரியும், ஆனால் பயத்தினாலோ வெட்கத்தினாலோ வெளியே சொல்வதில்லை. "கை வெட்டுப்பட்டதைச் சொன்னா நாளைக்கு வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க" என்று காயத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு போவது இந்த வகை.

இரண்டாம் வகை, நமக்கே தெரியாமல் பழக்கத்தில் ஊறிப்போனது. ஹெல்மட் என்ற உடனே மனம் "வெக்கை, தலையிடி, தொல்லை" என்று நினைத்துவிடும். பாதுகாப்பை மதிப்பவர் என்று நம்மை நாமே உண்மையாக நம்பிக்கொண்டிருப்போம். ஆனால் கச்சான் காற்று சுட்டெரிக்கும் ஆடி மாதத்தில் கை தானாகவே ஹெல்மட்டைக் கழற்றி வைத்துவிடும்.

வாய்க்கும் செய்கைக்கும் உள்ள தூரத்தைப் பல காலத்துக்கு முன்பே ஒருவர் அளந்து காட்டினார். அமெரிக்க அறிஞர் லாப்பியர் 1930 இலிருந்து ஒரு சீனத் தம்பதியரோடு அந்த நாட்டில் ஊர் ஊராகப் போனார். சீனர்களை வெறுத்த காலம் அது. 251 தங்குமிடங்களிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் ஏறி இறங்கினார்கள். ஒரே ஓர் இடத்தில்தான் இடம் இல்லை என்றார்கள். பிறகு அந்த இடங்களுக்குக் கடிதம் எழுதி, சீனர்களை ஏற்றுக்கொள்வீர்களா என்று கேட்டார். பதில் அனுப்பியவர்களில் 90 வீதத்துக்கும் மேலானோர் "மாட்டோம்" என்று எழுதினார்கள்! 1934 இல் இதை வெளியிட்டார். கடிதத்தில் வந்த பதிலை மட்டும் நம்பியிருந்தால் உண்மை அவருக்குத் தெரிந்திருக்காது.

ஏன் மறைக்கிறோம்?

மறைப்பவரைப் பொய்யர் என்று தள்ளிவிடக் கூடாது. மறைப்பதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன.

நாட்சம்பளக்காரருக்குப் பேர் விழுவதுதான் சோறு. "இந்த ஏணி சரியில்லை" என்று சொன்னால் "இவன் சண்டித்தனம் பண்றான்" என்று பேர் எடுக்க வேண்டி வரும். கேள்வி கேட்பவர் பக்கத்தில் கங்காணியோ சுப்பர்வைசரோ நின்றால் எந்தப் பதில் வரும்? "எல்லாம் சரிங்கய்யா" என்றுதான் வரும். இளைஞர்களுக்கு இன்னொரு பயம். முகமூடி போட்டால் "என்னடா, கல்யாணப் பொண்ணா?" என்று கூட்டாளிமார் கேலி பண்ணுவார்கள். பெண்களுக்கோ, கொடுக்கப்பட்ட சப்பாத்து ஆம்பிளை அளவில் இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு நடக்கவே முடியாது. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஆகவே "எல்லாம் சரி" என்ற பதில் சில நேரம் பாதுகாப்பின் அடையாளம் அல்ல, பயத்தின் அடையாளம். ஒரு வருடம் முழுவதும் ஒரு சின்ன விபத்துக்கூடப் பதியப்படாத இடத்தைக் கண்டால் நாம் சந்தோஷப்படுவதற்கு முன் ஒரு முறை யோசிக்க வேண்டும். அங்கே விபத்து இல்லையா, அல்லது சொல்வதற்கு ஆள் இல்லையா?

அளப்பதற்கு நான்கு வழிகள்

1. கேட்டு அளத்தல்

"ஆம், இல்லை" என்று மட்டும் கேட்காமல் ஐந்து படி வைத்துக் கேட்கலாம். முழுக்கச் சம்மதம், சம்மதம், இரண்டும் இல்லை, சம்மதம் இல்லை, கொஞ்சமும் சம்மதம் இல்லை. ரென்சிஸ் லிக்கர்ட் என்பவர் 1932 இல் இந்த முறையை அறிமுகப்படுத்தினார். எழுத வாசிக்கத் தெரியாதவர்களுக்குச் சிரித்த முகத்திலிருந்து அழுத முகம் வரை ஐந்து படம் வரைந்து காட்டலாம்.

கேள்வியும் நல்ல கேள்வியாக இருக்க வேண்டும். "பாதுகாப்பு முக்கியமா?" என்பது வீண் கேள்வி. "கப்பல் அவசரமாகப் போக வேண்டிய நாளில் பழுதான கயிற்றை மாற்றச் சொன்னால் மேலாளர் கோபிப்பார்" என்று சொல்லி, சம்மதமா இல்லையா என்று கேளுங்கள். உண்மை கொஞ்சம் வெளியே வரும். இந்த வழி அளப்பது சொல்லும் மனப்பான்மையை.

2. காசு சுண்டி அளத்தல்

பயத்தால் மறைப்பதை வெளியே கொண்டுவர ஓர் அழகான வழி உண்டு. 1965 இல் ஸ்டான்லி வார்னர் என்பவர் தொடங்கி வைத்த முறையின் எளிய வடிவம் இது.

"போன மாதம் வேலையில் காயம் பட்டும் சொல்லாமல் விட்டீர்களா?" என்பது கேள்வி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் மறைவாக ஒரு காசைச் சுண்ட வேண்டும். சின்னம் உள்ள பக்கம் விழுந்தால், உண்மை எதுவாக இருந்தாலும் "ஆம்" என்று சொல்ல வேண்டும். இலக்கம் உள்ள பக்கம் விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். காசு எப்படி விழுந்தது என்று யாருக்கும் காட்டக் கூடாது.

இப்போது ஒருவர் "ஆம்" என்றால் அது காசு சொன்னதா, அவர் சொன்னதா என்று கேட்பவருக்குத் தெரியாது. ஆகவே அவர் மாட்டிக்கொள்ள மாட்டார். ஆனால் மொத்தக் கணக்கு நமக்குத் தெரிந்துவிடும்.

ஓர் உதாரணக் கணக்கு: 40 பேர் இருக்கிறார்கள். 32 பேர் "ஆம்" என்கிறார்கள். காசினால் மட்டும் ஏறக்குறைய 20 பேர் "ஆம்" சொல்லியிருப்பார்கள். 32 இல் 20 போனால் மீதி 12. உண்மையைச் சொன்ன மற்ற 20 பேரில் 12 பேர், அதாவது 60 வீதமானோர், காயத்தை மறைத்திருக்கிறார்கள். இது மதிப்பீடுதான். ஆட்கள் கூடக் கூடத்தான் கணக்கு உறுதியாகும். பத்துப் பேரை வைத்துச் செய்தால் நம்ப முடியாது.

3. கண்ணால் எண்ணி அளத்தல்

வாயைக் கேட்காமல் கையைப் பார்ப்பது இது. ஒரு நாளில் மூன்று நேரம், காலை வேலை தொடங்கும்போது, வெயில் உச்சியில், வேலை முடியும் அவசரத்தில், எத்தனை பேர் ஹெல்மட் போட்டிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். பேர் எழுதக் கூடாது, தொகை மட்டும் போதும். ஆட்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் எல்லோரும் போட்டுக்கொள்வார்கள். ஆகையால் ஒரு நாளோடு நிறுத்தாமல், பழகிப்போகும் வரை பல நாட்கள் எண்ண வேண்டும்.

காலையில் போட்டிருந்தவர்கள் மத்தியானம் கழற்றியிருந்தால் காரணம் மனப்பான்மை மட்டும் அல்ல, வெயிலும்தான் என்று தெரிந்துவிடும். நமது நாட்டில் பூச்சிமருந்து அடிப்பவர்கள் பாதுகாப்பு முறைகளைப் பாவிப்பதையும் அவர்களுக்கு வரும் நோய்க்குறிகளையும் சேர்த்து ஆராய்ந்து சிவயோகநாதனும் கூட்டாளிகளும் 1995 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சாமானையும் உடம்பையும் இப்படிச் சேர்த்துப் பார்ப்பதுதான் சரியான பார்வை.

4. கைவேகத்தால் அளத்தல்

நமக்கே தெரியாமல் உள்ளே ஊறிக் கிடப்பதை அளப்பது எப்படி? 1998 இல் அமெரிக்காவில் கிரீன்வால்ட், மெகீ, ஷுவார்ட்ஸ் ஆகிய மூவர் கணினியில் செய்யும் ஒரு பரீட்சையை வெளியிட்டார்கள். மனத்தில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் விஷயங்களைச் சேர்த்துப் பிரிக்கும்போது கை வேகமாகப் போகும், ஒட்டாததைச் சேர்க்கும்போது தடுமாறும் என்பதே அதன் அடிப்படை. அந்தத் தடுமாற்றத்தைச் செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை கணினி அளக்கும்.

கணினி இல்லாமல் அட்டைகளை வைத்து இதன் கருத்தை நாம் விளங்கிக்கொள்ளலாம். 20 அட்டை செய்யுங்கள். ஐந்தில் பாதுகாப்புச் சாமான்: ஹெல்மட், கையுறை, முகமூடி, சப்பாத்து, பாதுகாப்புப் பட்டி. ஐந்தில் சாதாரண உடுப்பு: சேட்டு, சாரம், துவாய், செருப்பு, துணித்தொப்பி. ஐந்தில் நல்லது: சிரிக்கும் குழந்தை, பூ போன்றவை. ஐந்தில் கெட்டது: பாம்பு, அழும் முகம் போன்றவை.

முதல் சுற்றில் பாதுகாப்புச் சாமானும் நல்லதும் வலது பக்கம், சாதாரண உடுப்பும் கெட்டதும் இடது பக்கம். எவ்வளவு நேரத்தில் பிரித்தார் என்று மணிக்கூட்டைப் பாருங்கள். இரண்டாம் சுற்றில் மாற்றுங்கள். பாதுகாப்புச் சாமானும் கெட்டதும் வலது பக்கம், சாதாரண உடுப்பும் நல்லதும் இடது பக்கம். இரண்டாம் சுற்று வேகமாகப் போனால் அவர் மனத்தில் ஹெல்மட் தொல்லையோடு ஒட்டியிருக்கிறது என்று ஊகிக்கலாம். இரண்டாவது தடவை பழக்கத்தாலும் வேகம் கூடும். ஆகவே பாதிப் பேருக்கு இரண்டாம் சுற்றை முதலில் கொடுக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒரே ஆள் இன்றைக்கும் அடுத்த கிழமையும் செய்தால் பதில் மாறலாம். இந்தப் பரீட்சையில் கிடைக்கும் புள்ளியை வைத்து ஒருவர் நாளைக்கு என்ன செய்வார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தனி ஒருவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல இதைப் பாவிக்கக் கூடாது என்று அதை உண்டாக்கியவர்களே சொல்லியிருக்கிறார்கள். கூட்டத்தின் போக்கைப் பார்க்க உதவும், அவ்வளவுதான்.

ஓர் ஆலையில் கண்டது

இப்படி அளந்தவர்கள் என்ன கண்டார்கள் என்று கேட்பீர்கள். வட கடலில் பிரித்தானியாவின் பைப்பர் அல்ஃபா என்ற எண்ணெய் மேடை 1988 ஜூலை 6 ஆம் திகதி எரிந்து 167 பேர் இறந்தார்கள். ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வு திருத்த வேலைக்காகக் கழற்றப்பட்டிருந்தது. அந்தச் செய்தி இரவு வேலைக்காரர்களுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. அவர்கள் பம்பை ஓடவிட்டார்கள். அதற்குப் பின்னர் தொழிலாளர் மனத்தில் பாதுகாப்பு எப்படி இருக்கிறது என்ற ஆராய்ச்சி அந்த நாட்டில் வளர்ந்தது.

அந்த வழியில் வந்த பர்ன்ஸ், மேர்ன்ஸ், மெக்ஜோர்ஜ் ஆகிய மூவர் பிரித்தானியாவின் ஓர் எரிவாயு ஆலையில் செய்த ஆய்வை 2006 இல் வெளியிட்டார்கள். பாதுகாப்பு விஷயத்தில் யாரை நம்புகிறீர்கள் என்பதே கேள்வி. வாயால் கேட்டபோது கூட்டாளிகளையும் நம்புகிறோம், சுப்பர்வைசரையும் நம்புகிறோம், மேலதிகாரிகளையும் நம்புகிறோம் என்றார்கள். மறைந்த மனப்பான்மையை அளந்தபோது கூட்டாளிகள் மேல் மட்டுமே நம்பிக்கை தெரிந்தது.

நன்றாக யோசித்துப் பாருங்கள். வாய்க்கும் கைக்கும் நடுவில் நிற்பது தொழிலாளியின் மூளைக் குறைவு அல்ல. மேலே இருப்பவர் மேல் உள்ள நம்பிக்கைக் குறைவு. இதற்கு முன்பே, 1980 இல், டோவ் சோஹர் என்பவர் இஸ்ரேலில் 20 தொழிற்சாலைகளை ஆராய்ந்தார். நிர்வாகம் பாதுகாப்பை உண்மையிலேயே எவ்வளவு பெரிதாக எடுக்கிறது என்று தொழிலாளர் காண்பதே முக்கியம் என்று எழுதினார். சுவரில் ஒட்டிய விளம்பரத்தைத் தொழிலாளி வாசிப்பதில்லை. வேலை அவசரமாகும்போது துரை என்ன செய்கிறார் என்பதைத்தான் வாசிக்கிறார்.

அளந்த பிறகு

அளப்பது ஆளைப் பிடிப்பதற்காக இருந்தால் அடுத்த முறை ஒருவரும் உண்மை பேச மாட்டார்கள். ஆகவே இதை நடத்துகிறவர்கள் மூன்று விஷயத்தைக் கடைப்பிடிக்க வேண்டும். பேர் எழுதக் கூடாது. கேட்பவர் வேலை கொடுப்பவராக இருக்கக் கூடாது. அளந்த முடிவை ஆட்களுக்கே திரும்பச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் ஒரு குறையையாவது திருத்திக் காட்ட வேண்டும். அளவான சப்பாத்து, காற்றுப் போகும் முகமூடி, வெயில் நேரத்தில் ஓய்வும் தண்ணீரும், இவை வந்தால் மனப்பான்மையும் மெல்ல மாறும்.

தொழிலாளர் பக்கத்திலும் கடமை உண்டு. காயத்தை மறைக்காதீர்கள். உயிர் போன விபத்தையும், மூன்று நாளுக்கு மேல் ஒருவரை உழைக்க முடியாமல் செய்த விபத்தையும் தொழிற்சாலை நடத்துபவர் அறிவிக்க வேண்டும் என்று 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. தேயிலை ஸ்டோருக்கும் இது உரியது. வேலையில் காயப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்க 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆனால் அன்றைக்குச் சொல்லாமல், எழுதாமல் விட்ட காயத்தை ஆறு மாதம் கழித்து எப்படி நிரூபிப்பது? துணியால் சுற்றி மறைத்த காயத்தோடு பிள்ளைகளின் சோறும் மறைந்துபோகும்.

பயமாக இருந்தால் தனியாகப் போகாதீர்கள். இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு தோட்டத் தலைவரிடமோ, நலன்புரி உத்தியோகத்தரிடமோ, தொழில் காரியாலயத்திடமோ சொல்லுங்கள். திகதியையும் நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவர்கள் வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் சொல்லி எழுதுவியுங்கள்.

பயிற்சி

கூட்டமாக இருந்து இவற்றைச் செய்து பாருங்கள்.

1. உங்கள் வேலைத்தளத்தில் ஆபத்தான மூன்று விஷயங்கள் எவை? அவற்றை மேலதிகாரிக்குச் சொன்னவர்கள் எத்தனை பேர்?

2. 60 பேர் காசு சுண்டிப் பதில் சொல்கிறார்கள். 39 பேர் "ஆம்" என்கிறார்கள். காயத்தை மறைத்தவர்கள் எத்தனை வீதம்? (விடை: 60 இல் காசு சொன்னது 30. 39 இல் 30 போக மீதி 9. மற்ற 30 பேரில் 9 பேர், அதாவது 30 வீதம்.)

3. முகமூடி போடாததற்கு நீங்கள் வெளியே சொல்லும் காரணம் என்ன? வெளியே சொல்லாத காரணம் என்ன?

மூன்றாவது கேள்விக்கு விடையை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. உங்களுக்கு நீங்களே உண்மையாகச் சொல்லிக்கொண்டால் போதும். அதைச் சொல்லிப் பழகியவர், பழுதான கயிற்றைக் கண்ட நாளிலும் "இது சரியில்லைங்க" என்று சொல்லத் தைரியம் பெறுவார்.